டீச்சரின் மூச்சும் எங்கள் வார்டு இடைத்தேர்தலும்

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஆனதும் சம்பளத்தோடு ஒரு பச்சை மைப் பேனாவும் கைக்கு வந்துவிடுகிறது. மதிப்பெண் சான்றிதழ் நகலில் கையெழுத்து வேண்டும், போட்டோவில் இருப்பது இன்னார்தான் என்று எழுதித் தர வேண்டும் என்று தினமும் யாராவது என் அறை வாசலில் நிற்பார்கள். சங்கரன்கோவிலில் பாதிப் பேருடைய முகத்துக்கு நான்தான் ஜவாப்தாரி. நீட்டுகிற தாளை ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். பொறுப்பு என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அடுத்தவர் தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. அது சின்ன வயதிலிருந்தே உண்டு, இனிமேல் போகப்போவதும் இல்லை.

அப்படிப் படித்துவிட்டுப் பேனா மூடியைத் திறக்கக் கை வராமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு தடவைதான். தாளைக் கொண்டுவந்தவர் எங்கள் பள்ளியிலேயே கணக்கு எடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். கணவர் இல்லை, ஒரே மகனோடு எங்கள் வார்டிலேயே இருந்தார். பத்துப் பேர் முன்னால் என்னை ‘எச்.எம்.’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார், தனியாக இருந்தால் ‘ஏட்டி’தான். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி அவருக்கு. சாக்பீஸ் தூள்தான் காரணம் என்று ஊர் சொல்லும், டாக்டர் இல்லை என்பார். அன்றைக்கு வாசலில் இருக்கும் மூன்று படிகளையும் ஏறி வந்து, மூச்சு அடங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்து, மூன்று பக்கம். இனித் தேற வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லி, எனக்குப் பேசவோ முடிவெடுக்கவோ முடியாத நிலை வந்தால், வாயில் குழாய் விட்டு மூச்சு கொடுக்கும் கருவியில் என்னை வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். வலி தெரியாமல் மருந்து கொடுத்தால் போதும். என் சார்பில் சம்மதம் சொல்ல வேண்டியவன் என் மகன். இவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டிருந்தார்.

“என்ன டீச்சர் இது?”

“படிச்சேல்லா? அதான்.”

“இதுக்கு எதுக்கு நான்?”

“நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போடணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. நோட்டரிக்கிட்டப் போனேன். ‘என்னம்மா, சொத்தே இல்லாத உயிலா இருக்கு’ன்னு சிரிக்கான். அதான் உங்கிட்ட வந்தேன். நீயாவது சிரிக்காம படிப்ப.”

நான் சிரிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. மூச்சை நிறுத்துவதற்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறதா, எத்தனை நகல், யாரிடம் கொடுப்பது, பிறகு மனசு மாறினால் என்ன செய்வது என்று குடைந்து குடைந்து கேட்டேன். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். இரண்டு சாட்சி வேண்டும். ஒரு நகல் நகராட்சிக்கு, ஒன்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு, ஒன்று சம்மதம் சொல்ல வேண்டிய மகனுக்கு. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

ஏன் இப்படி ஒரு தாள் என்று கேட்டபோது மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரைப் பதினோரு நாள் அந்தக் கருவியில் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தார். நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, ஆப்பிள் கொடுத்துவிட்டு வந்தோம். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

“வாயில கொழாய். நான் இழுத்துப் போட்டுருவேன்னு ரெண்டு கையையும் கம்பியோட சேத்துக் கட்டிட்டாவ. மூக்கு அரிக்குது ஏட்டி. பதினோரு நாளும் மூக்கு அரிச்சுது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்கன்னு சொல்ல முடியல. வலியக்கூடத் தாங்கிட்டேன். இன்னொரு தடவ அப்படிக் கெடக்க என்னால ஆவாது.”

“மகன்கிட்டச் சொல்லிட்டியளா?”

“எலெக்‌ஷன் முடியட்டும். இப்பச் சொன்னா அவனுக்கு ஓட்டுக் கேக்கக் கால் ஓடாது.”

எங்கள் வார்டு கவுன்சிலர் பதவியை விட்டு விலகியிருந்ததால் இடைத்தேர்தல் வந்திருந்தது. செல்போன் கடை வைத்திருந்த டீச்சரின் மகன் கட்சியில் பத்து வருடமாகக் கொடி கட்டி, நாற்காலி போட்டு, கடைசியில் இந்த முறைதான் சீட்டு வாங்கியிருந்தான். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன். நல்ல பையன், ஆனால் யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது. அரசியலுக்கு அது உதவுமா கெடுக்குமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம்.

உடற்கல்வி ஆசிரியரையும் ஆய்வக உதவியாளரையும் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கி, பச்சை மையில் நானும் போட்டு, வட்ட முத்திரையை அழுத்திக் குத்தினேன். பிறகு அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகல் எடுக்கப் போனேன். நான் செய்த முட்டாள்தனம் அங்கேதான்.

மதிப்பெண் சான்றிதழ் அசலை ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வருகிற பெற்றோரை வருடா வருடம் நான் வாங்கு வாங்கென்று வாங்குவேன். “பிள்ளைய மறந்துட்டு வருவியளா?” என்று கேட்பேன். அப்படிப்பட்ட நான், டீச்சருக்கு மூச்சு வாங்குகிறதே என்ற அவசரத்தில், மூன்று நகலை மட்டும் எண்ணி வாங்கி உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நகராட்சி அலுவலகத்தில் உறையைப் பிரித்தபோதுதான் அசலைக் காணோம். தலையில் அடித்துக்கொண்டு திரும்ப ஓடினேன். கடைக்காரர் சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்தார்.

“கிளாஸ்லயே விட்டுட்டுப் போயிட்டிய டீச்சர். பின்னால வந்தவருதான் மூடியத் தெறந்து பாத்து எடுத்துக் கொடுத்தாரு.”

அப்பாடா என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. எதையெதையோ துருவிக் கேட்கிற எனக்கு அன்று அது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வந்தவர் எதிர் வேட்பாளரின் ஆள். வேட்பு மனுத் தாள்களை நகல் எடுக்க வந்திருக்கிறார். கண்ணாடியிலும் பக்கத்திலும் கிடந்த பக்கங்களைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், செல்போனில் படம் பிடித்திருக்கிறார். சாயங்காலம் பள்ளி மணி அடிப்பதற்குள் அது எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

மூன்று பக்கத்தில் கடைசிப் பக்கம் மட்டும்தான் வந்தது. கருவி வேண்டாம் என்கிற வரி, மகன் சம்மதம் சொல்லலாம் என்கிற வரி, கீழே என் பச்சைக் கையெழுத்து. டீச்சர் இதை விரும்பி எழுதினார் என்கிற முதல் பக்கம் இல்லை. “பச்சை மையில போட்டிருக்கு, பொய்யா இருக்குமா?” என்று பால் வாங்குகிற இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். என் கையெழுத்துக்கு ஊரில் இவ்வளவு மரியாதை இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டு நாளில் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி வந்துவிட்டார்கள். ஊரில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் ஒன்று உண்டு. கல்யாணம், கடைத் திறப்பு, கோவில் கொடை, தேர்தல் எதுவானாலும் வாடகைக்கு வருகிற குரல். அந்தக் குரல் தெருத் தெருவாகக் கேட்டது: “பெத்த தாய்க்கே மூச்சு வேண்டாம்னு எழுதி வாங்கினவரு, உங்களுக்குக் குடிதண்ணி விடுவாரா? தாய்மார்களே, யோசிச்சுப் பாருங்க!”

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கூடவே, அடேயப்பா, மூச்சையும் தண்ணீரையும் எப்படிக் கோத்துவிட்டான் என்று ஒரு வியப்பும் வந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற வார்டில் அதைவிட நல்ல வசனம் யாரும் எழுத முடியாது.

டீச்சரின் மகன் அன்று மதியமே என் அறைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எப்படி டீச்சர் கையெழுத்துப் போட்டிய?”

“ஏலே, அது உங்க அம்மா எழுதினது. நான் போட்டது சாட்சி.”

“எம் பேர எதுக்குப் போட்டாவ? நான் சொன்னா எடுத்துரலாமாம்! நான் எப்படிச் சொல்லுவேன்? எந்த மகன் சொல்லுவான்?”

ஓட்டுப் போய்விடுமே என்றுதான் கத்துகிறான் என்று நினைத்தேன். “முதல்ல ஒங்க அம்மாகிட்டப் போய்க் கேளு” என்று விரட்டிவிட்டேன்.

அவன் அம்மாவிடம் போகவில்லை, கட்சிக்காரர்களிடம் போனான். அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு வீடியோ எடுத்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மூக்கில் ஆக்சிஜன் டியூப். இவன் பக்கத்தில் முழங்காலிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பேசுகிறான்: “எங்க அம்மாவுக்கு ஒண்ணுன்னா உலகத்துல எந்த மெஷின் இருந்தாலும் கொண்டாந்து வெப்பேன். கடைசி மூச்சு வரைக்கும் போராடுவேன். இது என் வாக்குறுதி.” பின்னணியில் சோகமான இசை. டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை. கணக்கைத் தப்பாகப் போடுகிற பிள்ளையின் பக்கத்தில் நிற்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். “சாலை போடுவேன், சாக்கடை வாருவேன்னு சொல்லுத மாதிரி என் மூச்சுக்கும் ஒரு வாக்குறுதி கொடுத்துட்டான் ஏட்டி” என்றார். சிரிக்கப் பார்த்து இருமலில் முடிந்தது. “ஓட்டுக் கேட்டு வாரவங்ககிட்ட எல்லாம் நான் உசிரோட இருக்கேன்னு காட்ட வாசல்ல வந்து உக்காரச் சொல்லுதான். உக்காந்தேன். பாவமா இருக்கு.”

“ஒங்க தாள் என்னாச்சு?”

“தாள் அப்படியே இருக்கு. அவந்தான் மாறணும்.”

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், பள்ளி விட்ட பிறகு ஒவ்வொருவராக என் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் சத்துணவு அமைப்பாளர். பிறகு பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பெரியவர். டீச்சர் போகிற சபையின் கமிட்டிக்காரர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ‘இது பாவமில்லையா’ என்று உரக்கக் கேட்டவரும் அவர்தான். எல்லாரும் கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “அந்தத் தாள எப்படி எழுதணும் டீச்சர்?”

கடைசியாக ஒருவர் வந்து, வணக்கம் என்று வாயைத் திறந்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மைக் குரல்! ஒல்லியாக, சாதுவாக, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியோடு நிற்கிறார். அப்பாவைக் கருவியில் வைத்து எடுத்து, திரும்ப வைத்து எடுத்து, இனி வேண்டாம் என்று அந்த அப்பாவே கையெடுத்துக் கும்பிடுகிறாராம். அப்பாவுக்கும் அப்படி ஒன்று எழுத வேண்டுமாம்.

“தெருத் தெருவா அப்படிப் பேசிட்டு எப்படி வே இங்கன வந்து நிக்கீரு?” என்று எழுந்தே விட்டேன்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “அது தொழில் டீச்சர். இது வீடு” என்றார்.

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, மைக்கில் மட்டும் எப்படி வேறாக ஆகிறது? இவ்வளவு பேர் இதே நினைப்போடு ரகசியமாக நடமாடுகிற ஊரில், ஒருவர்கூட அந்த ஆட்டோவை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அரசு ஊழியர், தேர்தல் நேரம் என்று எனக்குக் காரணம் கைவசம் இருந்தது.

ஓட்டுப் போட ஏழு நாள் இருக்கும்போது டீச்சருக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு கட்டுக்கடங்காமல் போனது. ஆம்புலன்சில் நான் ஏறிக்கொண்டேன், தாளும் என்னோடு ஏறியது. பிரச்சாரத்தில் இருந்த மகன் பைக்கிலேயே திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வந்து சேர்ந்தான். முகத்தை இறுக்கிப் பிடித்த மாஸ்க் வழியாக டீச்சருக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. டாக்டர் இளவயது, நிதானமானவர். நான் தாளை நீட்டியதும் நின்று முழுக்கப் படித்தார். அந்த ஒன்றுக்கே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

“இது சரியான தாள்தான்மா. ஆனா அவங்களால பேச முடியாதப்பத்தான் இந்தத் தாள் பேசும். இப்ப அவங்களுக்கு நல்லா நினைவு இருக்கு. அவங்களைத்தான் கேக்கணும்.” பிறகு டீச்சர் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நெஞ்சில் புதிதாகத் தொற்று வந்திருக்கிறது. அது அடங்கினால் பழைய நிலைக்கு வர ஒரு வாய்ப்பு உண்டு, பெரிய வாய்ப்பு இல்லை. கருவியில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம், அடங்கவில்லையென்றால் எடுத்துவிடலாம். வேண்டாமென்றால் வேண்டாம்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டுவார், முடிந்தது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். மகன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் பையில் போன் விடாமல் அடித்தது, எடுக்காமல் அணைத்துக்கொண்டே இருந்தான். வையுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு அவனை வெகுநேரம் பார்த்தார். மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார்.

“ஒரு வாரமா?” என்று டாக்டர் கேட்டார்.

டீச்சர் தலையை ஆட்டினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பதினோரு நாள் மூக்கு அரித்ததைச் சொன்ன மனுஷி! எதற்காக ஒத்துக்கொண்டார்? உண்மையிலேயே பிழைக்கலாம் என்ற ஆசையா? அவன் வீடியோவில் கொடுத்த வாக்குறுதி பொய்யாகிவிடக் கூடாது என்றா? ஓட்டுப் போடும் நாள் சரியாக ஏழு நாளில் வருகிறது என்ற கணக்கா? இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. நான் மூன்றாவதைத்தான் நம்பினேன். வெளியே வந்து அவனிடம், “ஒனக்காக உள்ள கட்டிக் கெடக்கப் போறாவ, போ, போய் ஓட்டுக் கேளு” என்று சொன்னேன்.

மறுநாள் ஊருக்குத் திரும்பினேன். ராஜபாளையம் ரோட்டில் இறங்கும்போதே ஸ்பீக்கர் கேட்டது. அதே ஆட்டோ, அதே குரல், வசனம் மட்டும் புதுசு. “ஓட்டுக்காகப் பெத்த தாயை மெஷின்ல கட்டிப் போட்டிருக்காரு! அந்த அம்மா வேண்டாம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தும் கேக்கல! இது மகனா? தாய்மார்களே, யோசிச்சுப் பாருங்க!” அன்று சாயங்காலம் தாளின் முதல் பக்கமும் வாட்ஸ்அப்பில் வந்தது. அதையும் அவர்கள் ஜெராக்ஸ் கடையிலேயே படம் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். குழாயை எடுத்தால் கொலை, வைத்தால் கொடுமை. எந்தப் பக்கம் நின்றாலும் அடி விழும் என்பதை அவன் என்னைவிட முன்னாலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து காலையில் ஓட்டுக் கேட்பதும் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுமாக அலைந்தான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானும் போனேன். உள்ளே ஐந்து நிமிடம் விடுவார்கள். டீச்சரை மருந்து கொடுத்து மயக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு கையும் துணியால் கட்டியிருந்தது. போனதும் முதல் வேலையாக அவருடைய மூக்கைச் சொறிந்துவிட்டேன். சரியான இடமா, இப்போது அரிக்கிறதா, எதுவும் தெரியாது. நர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அடுத்த பக்கமும் சொறிந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. அறைகளைத் திறந்துவிட்டு, நானும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள், அரசு ஊழியர். எண்ணிக்கையில் டீச்சரின் மகன் தோற்றான். கொஞ்ச ஓட்டுத்தான். எதிர் வேட்பாளர் வெடி போட்டார். அதே மைக் நன்றி சொல்லிக்கொண்டு தெருத் தெருவாகப் போனது.

வாரம் முடிந்துவிட்டிருந்தது. தொற்று அடங்கவில்லை, சிறுநீரகமும் பழுதாகிவிட்டது, மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தும் டீச்சருக்குத் தன்னினைவு திரும்பவில்லை. இப்போதுதான் தாள் பேச வேண்டிய நேரம். ஆஸ்பத்திரி டாக்டர்கள் மூன்று பேர் பார்த்து எழுதினார்கள், பிறகு வேறு மூன்று பேர் பார்த்து எழுதினார்கள். கருவியால் இனி ஒன்றும் ஆகாது என்பதில் இரண்டு குழுவுக்கும் சந்தேகம் இல்லை. மிச்சம் மகனின் சம்மதக் கையெழுத்து ஒன்றுதான்.

வராந்தாவில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படிவம் மடியில் இருந்தது, பேனா கையில் இருந்தது. அப்படியே ஒரு மணி நேரமாக இருக்கிறான் என்று நர்ஸ் சொன்னாள்.

“ஏலே, எலெக்‌ஷன் முடிஞ்சிட்டு. இனி எவன் என்ன சொல்லுவான்னு பயந்துக்கிட்டு இருக்க? போடு.”

“ஓட்டுக்காகத்தான் அம்மாவ வெச்சிருந்தேன்னு நெனச்சியளா டீச்சர்?”

“ஊரே அப்படித்தான நெனச்சுது.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.” பேனாவை மூடினான், திறந்தான். “இப்ப ஓட்டும் இல்ல, கட்சிக்காரன் ஒருத்தனும் போன் பண்ணல. ஆனாலும் கை வரமாட்டேங்கு. இன்னைக்கு ஒரு நாள் பாத்துக்கிடுவோமா டீச்சர்? ஒரே ஒரு நாள்.”

எனக்குச் சுருக்கென்றது. பத்து நாளாக அவனை நான் எப்படியெல்லாம் பேசியிருக்கிறேன்! மனசுக்குள் பேசியது அதைவிடக் கேவலம். மைக் பிடித்தவன்கூடத் தொழிலுக்காகச் சொன்னான். நான் நிஜமாகவே நம்பினேன். ஒரு பிள்ளைக்கு அம்மாவை விட முடியவில்லை என்கிற சாதாரண விஷயம் இந்தத் தேர்தல் சத்தத்தில் எனக்குக் கேட்காமலே போயிருக்கிறது. “பாத்துக்கிடுவோம்” என்றேன். அவன் தோளில் கையை வைத்தேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் அவனாகவே எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டான். இரண்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள், கைக்கட்டை அவிழ்த்தார்கள். வலி தெரியாமல் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. உடனே முடிந்தாலும் முடியலாம், கொஞ்சம் தாமதித்தாலும் தாமதிக்கலாம், மயக்க மருந்து முழுக்க இறங்கினால் அபூர்வமாகச் சிலர் கொஞ்ச நேரம் கண் திறப்பதும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று. மறுநாள் விடியும்வரை, தன் வீட்டில் தன் கட்டிலில், டீச்சரின் மூச்சு தானாகவே ஓடி, தானாகவே அடங்கியது. ஆனால் அப்போது எங்களுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாலு மணி சுமாருக்குக் கண் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு மகனைத் தேடிக் கண்டுபிடித்தார். தொண்டை புண்ணாகிக் காற்றுத்தான் வந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“என்னலே ஆச்சு?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஜெயிச்சுட்டேம்மா.”

டீச்சர் அவனை உற்றுப் பார்த்தார். அடுத்த பேச்சுக்கு ஏழெட்டு மூச்சு தேவைப்பட்டது.

“பொய் சொல்லாதலே. ஜெயிச்சிருந்தா நீ கொழாய எடுக்க விட்டிருக்க மாட்ட. ஊரு என்ன சொல்லும்னு பயந்து வெச்சிருந்திருப்ப.”

அப்படி இல்லை டீச்சர், ஓட்டுக்காக இல்லை, தோற்ற பிறகும் உங்களை விட முடியாமல் ஒரு முழு நாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“ஆமாம்மா” என்றான். “தோத்துட்டேன்.”

டீச்சர் கட்டு அவிழ்ந்த கையைத் தூக்கப் பார்த்தார். அவன் குனிந்து அதன் அடியில் தலையைக் கொடுத்தான்.

“நல்லதாப் போச்சு மக்கா” என்றார்.